ஒரு லோடு கோழி எரு

அன்புள்ள தம்பிக்கு,

இரும்பையில் பத்து சென்ட் நிலத்தைச் சீர்செய்துவிட்டதாகவும், காய்கறி போடுவதற்கு ஒரு டிராக்டர் லோடு கோழி எருவுக்கு விலை பேசியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு. இந்தக் கரையோரத்தில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களில் பலர் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

கோழி எரு நல்ல எரு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தரும் கணக்குப்படி அதில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 2.6 சதவீதம், சாம்பல்சத்து 1.4 சதவீதம். மாட்டுத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். கத்தரிக்கும் வெண்டைக்கும் ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் இடச் சொல்கிறார்கள். சென்ட்டுக்கு 100 கிலோ என்று வைத்துக்கொள். அந்த 100 கிலோவில் இருக்கும் தழைச்சத்து அரை கிலோ. அதே அரை கிலோ, கோழி எருவில் 17 கிலோவிலேயே வந்துவிடுகிறது. கோழி சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை. எச்சத்தோடு யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. அது ஈரம் பட்டதும் வேகமாக அமோனியாவாக மாறும். அதனால் சாணத்தைப் போல மெதுவாகக் கொடுக்காது, முதல் சில வாரங்களிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும். நான் சென்ட்டுக்கு 10 கிலோவோடு நிறுத்திக்கொள்வேன். உன் பத்து சென்ட்டுக்கு 100 கிலோ, இரண்டு மூன்று மூட்டை. நீ விலை பேசியிருப்பது ஒரு லோடு!

அளவைவிட எனக்குப் பெரிய கவலை உப்பு. கோழி எரு வாங்கும்போது சத்தோடு சேர்த்து உப்பையும் வாங்குகிறோம். தீவனத்தில் சேர்க்கும் உப்பில் உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி எச்சத்தில்தான் வருகிறது. உள்நாட்டில், நாமக்கல் பக்கத்தில், நல்ல தண்ணீர் பாயும் நிலத்தில் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். உனக்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளம் ஓடுகிறது. அங்கே உவர்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலுக்கு விடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. சித்திரை வெயிலில் உன் கத்தரிப் பாத்தியிலும் நடப்பது அதுவேதான். பாய்ச்சிய நீர் மேலே ஏறி ஆவியாகும். எருவில் இருந்த உப்பும் கிணற்று நீரில் இருந்த உப்பும் மேல்மண்ணில் ஒதுங்கும். இலை ஓரம் கருகி, செடி தண்ணீர் இருந்தும் வாடும். அதைப் பார்த்துவிட்டு எரு போதவில்லை என்று இன்னும் ஒரு கூடை போடுகிறவர்கள் உண்டு. நீ அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எருவை மக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. மக்கும் சூட்டில் நோய்க்கிருமி சாகும், களை விதை சாகும், நெடி அடங்கும். உப்பு எங்கும் போகாது. குவியல் சுருங்கச் சுருங்க, மிஞ்சும் எருவில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதைக் கழுவி வேருக்குக் கீழே அனுப்ப நல்ல தண்ணீரால் மட்டுமே முடியும். நமக்கு அந்த நல்ல தண்ணீர் ஐப்பசி கார்த்திகை மழையில் வருகிறது.

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் விவசாயிகள் பறவை எச்சத்தின் அருமையை நெடுங்காலமாக அறிந்தவர்கள். ஏரியில் தங்கும் பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்குப் பாய்வதால் நெல் செழிக்கிறது என்பதற்காகவே பறவைகளைக் காத்தார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கான உரிமையை எழுத்திலும் வாங்கினார்கள். அங்கே எச்சம் ஏரி முழுக்கக் கரைந்து, மழைநீரோடு நீர்த்துப்போய், ஓடிக்கொண்டே வயலுக்குப் போகிறது. எச்சத்தோடு எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்பதை அங்கே கவனி. மூட்டையைப் பிரித்து அப்படியே வேரடியில் கொட்டுவதற்கு வேடந்தாங்கலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இனி வேலையைச் சொல்கிறேன். கூண்டில் வளர்க்கும் முட்டைக்கோழிப் பண்ணையிலிருந்து வருவது ஈரமாக இருக்கும், சுண்ணாம்பும் அதிகம். தரையில் உமி பரப்பி ஆழ்கூள முறையில் வளர்க்கும் கறிக்கோழிப் பண்ணையின் எரு உனக்குக் கையாளச் சுலபம். பண்ணைக்காரரிடம் கோழிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர் எதிரி மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் தயாரித்து விற்பதை மத்திய அரசு 2019-இல் தடைசெய்தது. மருந்தின் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியேறி மண்ணுக்கு வரும் என்பதால் தோட்டக்காரனுக்கும் அந்தக் கேள்வி சொந்தம்.

எரு வந்ததும் திறந்து போடாதே. வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் ஒரு மாதத்தில் தழைச்சத்தில் பாதி அமோனியாவாகப் பறந்துவிடும். கண் எரிகிற அந்த நெடி உன் காசுதான். ஒரு கூடை எருவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த சருகோ மல்லாட்டைத் தோலோ கலந்து குவி. தென்னைநார்க் கழிவும் பொருத்தமானதுதான், ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் அதுவும் உப்பைக் கொண்டுவரும், விசாரித்து வாங்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. நடுக்குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். சூடு தணியும்போதெல்லாம் புரட்டிப் போட்டு ஓலையால் மூடு. மண்வாசனை வந்து, புரட்டினாலும் சூடேறாத நிலைக்கு வந்தபின் எடு. பச்சை எருவைக் கீரைப் பாத்தியில் தூவுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதே. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில், உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிருக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி கேட்கிறார்கள். நம் கீரை ஒரு மாதத்தில் சந்தைக்குப் போய்விடுகிறது. அதைக் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள், தம்பி.

எருவைப் புரட்டாசியில் மண்ணோடு கொத்திக் கலந்துவிடு. அதற்கு முன்பே வரப்பு எடுத்திருக்க வேண்டும். உன் பக்கத்து ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மரமில்லாமல், மழை அறுத்த ஓடைகளோடு கிடந்தது. வரப்பும் மரமும்தான் மண்ணைப் பிடித்து நிறுத்தின. வரப்பில்லாத சரிவில் எரு போட்டால் முதல் கனமழையிலேயே அது ஏரியில் பாசியாகிவிடும். முழுவதையும் ஒரே தடவையில் போட்டுவிடாதே. பாதியை மழைக்கு முன்பு, மீதியை மழை ஓய்ந்தபின் நடவுக்குச் சற்று முன்பு. செம்மண் தழைச்சத்தை அதிக நாள் பிடித்து வைக்காது. கோடையில் கோழி எரு வேண்டவே வேண்டாம்.

இப்படி இரண்டாகப் பிரித்து இடும் இந்த அளவே ஓர் ஆண்டுக்குப் போதும். செடி எடுப்பதைவிட அதிகமாக மணிச்சத்து இதில் இருப்பதால், வருடந்தோறும் அளவுக்கு மிஞ்சிப் போட்டால் அது மண்ணில் சேர்ந்து துத்தநாகத்தைச் செடிக்குக் கிடைக்காமல் செய்யும். இடையில் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழு. அது உவர் மண்ணையும் தாங்கும், தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கும்.

பயிரில் பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்புக்கு மிக எளிதில் துவளும். கொத்தவரை, காராமணி, பருப்புக்கீரை தாங்கும். பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும்.

இதெல்லாம் உன் கிணறு எப்படி என்பதைப் பொறுத்தது. மேட்டில் நல்ல நீராகவும் கடலை நோக்கி இறங்க இறங்க உவராகவும் இருக்கலாம். ஒரு பாட்டிலில் கிணற்று நீரையும் ஒரு பையில் மண்ணையும் எடுத்துக்கொண்டு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்ச் சோதனைக்கு வழி கேள். சீட்டில் ஈ.சி. என்று, உப்பின் அளவைக் காட்டும் ஓர் எண் வரும். நீருக்கு அது 0.7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் திணறும். லோடுக்காரரிடம் மூன்று மூட்டை மட்டும் போதும் என்று இன்றே சொல்லிவிடு. சீட்டு கையில் வந்ததும் அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பு. கத்தரி வைப்பதா, கொத்தவரை போடுவதா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்