இலை கூறும் சான்று

பள்ளி முற்றத்து நிழல்மரம் வாடக் கண்டதும் கோடரியையோ நஞ்சையோ நாடுதல் தகாது. முதலில் இலையை நோக்குக. மாசி பங்குனியில் வேம்பு இலையுதிர்த்தல் நோயன்று, இயல்பே. முதிர்ந்த இலைகள் மஞ்சளித்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாயின் இரும்புச்சத்துக் குறைவு. ஓரங் கருகின் வறட்சியையோ உவர்நீரையோ ஐயுறுக. கடித்த வடு புழுவைக் காட்டும். வெண்பஞ்சும் பிசுபிசுப்பும் எறும்பும் ஒருங்கே காணின் வெண்மூட்டுப்பூச்சியைத் தேடுக.

அவ்வினத்துள் ஒன்று 2008இல் இலங்கையிற் காணப்பட்டது. பப்பாசியையும் ஈழத்தலரியையும் வாட்டியது. 2009இல் வருவித்த சிறு குளவியே அதனை அடக்கியது. ஆராயாது நஞ்சு தெளிப்பின் இத்தகைய துணைவரும் மடிவர்.

மாணவர்காள், வன்னி வெயிலில் நிழல் பெறப் பல்லாண்டு வேண்டும். இழக்க ஒரு பொழுது போதும். ஆதலின் காரணம் அறிந்த பின்னரே மருந்தைக் கையில் எடுங்கள்.