காதை நம்பி டைமிங் வைக்காதே

அன்புள்ள மருமகனுக்கு,

தாத்தாவின் அம்பாசிடருக்குப் புது டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டியதிலிருந்து செல்ஃப் அடித்தால் எஞ்சின் உதைக்கிறது, மேடு ஏறினால் நாக்கிங் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். டைமிங் முந்திவிட்டது என்பதற்கு இவை இரண்டும் நல்ல அடையாளம். பிந்தியிருந்தால் வண்டி இழுக்காது, சூடேறும், சைலன்சரில் வெடிக்கும்.

கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டுக்கேட்டே திருகி வைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். டைமிங் தேவைக்கு மேல் முந்தியிருந்தாலும் ஐடிலிங் காதுக்கு நன்றாகத்தான் கேட்கும். ஆள் ஏறி மேட்டில் போகும்போதுதான் பிஸ்டன் அடி வாங்கும்.

முதலில் பாயிண்ட் கேப்பைப் பார். புதுசுதானே என்று விட்டுவிடாதே. கேமின் முனை பாயிண்டை முழுதாகத் திறந்து நிற்கும்போது ஃபீலர் கேஜில் 0.015 அங்குலம் இருக்க வேண்டும். பட்டறையில் 15 தௌ என்பார்கள். கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக முந்தும். அதனால் டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

அடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, இக்னிஷனை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் பக்கத்து முதல் பிளக்கைக் கழற்று. துளையில் விரலை வைத்துக்கொண்டு ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றச் சொல். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். புல்லியில் உள்ள வெட்டைக் கவனி. டைமிங் கவரின் நீண்ட முள் பிஸ்டன் உச்சியைக் காட்டும்; மற்றவை அதற்கு 5, 10 டிகிரி முன்னால். உன் வண்டியின் மேனுவலில் உள்ள அளவில் வெட்டை நிறுத்து. மாடலுக்கு மாடல் அளவு மாறும், அடுத்தவர் சொன்ன எண்ணை எடுக்காதே. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னுக்குச் சுற்றி மறுபடி முன்னுக்குக் கொண்டுவா. செயினின் தளர்ச்சி அப்போதுதான் போகும்.

இப்போது ரோட்டார் எந்த முனையைப் பார்க்கிறதோ அதில்தான் முதல் பிளக் கேபிள் வர வேண்டும். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 3, 4, 2. இதை வலமாக மாட்டிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு டெர்மினலிலும் மற்றொன்றை பாடியிலும் கொடுத்து இக்னிஷனைப் போடு. டிஸ்ட்ரிபியூட்டரை இடப்பக்கம் திருப்பினால் பல்பு அணையும். பிறகு மெல்ல வலப்பக்கம் கொண்டுவா. பல்பு எரியத் தொடங்கும் அந்த நொடியில் நிறுத்தி போல்ட்டை இறுக்கு. இக்னிஷனை உடனே அணை, காயில் சூடாகிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மேட்டில் நாக்கிங் நிற்கவில்லை என்றால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைத்தான் சந்தேகப்படுவேன். பார்வைக்கு ஒரே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் வேறு எஞ்சினுக்கான ஸ்பிரிங்கோடு வரும். வேகம் ஏற ஏற டைமிங் எவ்வளவு முந்த வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதே. இரண்டின் உடலிலும் பொறித்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, வேறாக இருந்தால் புதியதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
மாமா