வைக்கோல் கட்டு கோணுவது ஏன்?

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும், வயலில் கிடக்கும் வைக்கோலை டிராக்டரில் இணைத்த இயந்திரத்தைக் கொண்டு கட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. உருளைக் கட்டு போடும் இயந்திரம் ஒரு வகை. சதுரக் கட்டு போடும் இயந்திரம் மற்றொரு வகை. சதுரக் கட்டுகளை இடம் வீணாகாமல் அடுக்கலாம். ஆனால் கட்டு வில் போல் வளைந்தோ, ஒரு பக்கம் தளர்ந்தோ வந்தால் போர் சரியும். வண்டியில் ஏற்றும்போதே கயிறு நழுவிப் பிரிந்துவிடும். கட்டுக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் இடங்களில், தளர்ந்த கட்டு போட்டால் கட்டுகளின் எண்ணிக்கை கூடி, விவசாயிக்குச் செலவும் கூடும்.

கட்டு உருவாகும் விதம்

இயந்திரம் வைக்கோலை வாரி, விரல் போன்ற கம்பிகளால் பக்கவாட்டில் அறைக்குள் தள்ளுகிறது. முன்னும் பின்னும் ஓடும் அழுத்துகட்டை அதை இறுக்கி ஓர் ஏடாக்குகிறது. சுமார் 12 முதல் 18 ஏடுகள் சேர்ந்தது ஒரு கட்டு. ஒவ்வோர் ஏடும் இரு ஓரங்களிலும் ஒரே கனமாக இருந்தால் கட்டு நேராக வரும். ஓர் ஓரம் மெலிந்தால், கட்டு அந்தப் பக்கமாக வளையும்.

ஆகவே, கோணலான கட்டு ஒன்றைப் பிரித்து, நடுவிலுள்ள ஏட்டை எடுத்துப் பாருங்கள். எந்த ஓரம் மெலிந்துள்ளது என்பதே கோளாறைக் காட்டிக் கொடுக்கும்.

காரணங்களும் திருத்தங்களும்

1. வைக்கோல் வரிசை: அறுவடை இயந்திரம் விட்ட வரிசை ஒருபுறம் கனமாகவும் மறுபுறம் மெலிந்தும் இருந்தால் ஏடும் அப்படியே அமையும். கட்டுவதற்கு முன் வரிசையைச் சமமாக ஒதுக்கிவிட வேண்டும். சிறிய வயல்களில் வரப்போரம் திரும்பும்போது இக்குறை அதிகம். திருப்பங்களில் மெதுவாகச் செல்லுதல் நலம்.

2. தள்ளும் விரல்கள்: வைக்கோல் நுழையும் வாய்க்கு எதிர் ஓரம் மெலிந்திருந்தால், விரல்கள் போதிய தூரம் எட்டவில்லை, எட்டும் தூரத்தைக் கூட்ட வேண்டும். வாயை ஒட்டிய ஓரம் மெலிந்திருந்தால் குறைக்க வேண்டும். வைக்கோல் குறைவான வயலில் தூரம் கூடுதலாகவும், அடர்ந்த வயலில் குறைவாகவும் தேவைப்படும்.

3. கத்தி: கட்டின் ஒரு பக்கம் வெட்டுப்படாமல் தாடி போல் தொங்கினால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது அசையும் கத்திக்கும் அசையாத கத்திக்கும் இடைவெளி கூடிவிட்டது. பெரும்பாலான இயந்திரங்களில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சரியான அளவை இயந்திரத்தின் கையேட்டில் பார்த்து அமைக்கவும்.

4. அழுத்தமும் கயிறும்: அறையின் இருபுற அழுத்தச் சுருள்களும் ஒரே அளவு இறுக்கப்பட வேண்டும். வைக்கோல் பின்னுக்கு வராமல் பிடிக்கும் நாக்குகள் உடைந்தோ, தூசியால் சிக்கியோ இருக்கலாம். இரு கயிறுகளும் ஒரே தடிமனும் ஒரே இழுவிசையும் கொண்டிருக்க வேண்டும்.

5. நீளம் மாறுதல்: ஏடுகள் 10க்கும் குறைவாக இருந்தால் டிராக்டர் வேகமாகப் போகிறது என்று பொருள். கியரைக் குறைத்து ஓட்டவும். இயந்திரத்தின் சுழற்சியைக் குறைக்கக் கூடாது. நீளத்தை அளக்கும் பல்சக்கரம் வழுக்குகிறதா என்றும் பார்க்கவும்.

கவனிக்க வேண்டியவை

ஈர வைக்கோலைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், மாடு தின்னாது. பனி உலர்ந்த பிறகே கட்ட வேண்டும்.

எந்தத் திருத்தமானாலும் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, கனச்சக்கரம் முழுவதும் நின்ற பின்னரே கை வைக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும் விவசாயிகள் முதல் ஐந்து கட்டுகள் விழுந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வயல் முழுவதும் கட்டிய பிறகு குறை சொல்லிப் பயனில்லை.