தகடும் தளமும்

சூரிய ஒளி நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த ஒளியை மின்சாரமாக மாற்றுவது சூரியத் தகடு. இதை சோலார் பேனல் என்றும் சொல்கிறோம். நல்ல தகடு 25 ஆண்டுகள் வரை உழைக்கும். அந்தத் தகட்டைத் தாங்குவது வீட்டின் தளம். தகடு நன்றாக இருக்கிறது, தளம் கெட்டுவிட்டது. அப்போது என்ன செய்வது? படித்துப் பார்ப்போம்.

ஒழுகும் வீடு

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் உள்ளது. தங்கச் சுரங்க வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்த ஊர் அது. காவிரியில் உள்ள சிவசமுத்திரத்திலிருந்து அந்த மின்சாரம் வந்தது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. குடும்பங்கள் பல அங்கேயே தங்கிவிட்டன.

அங்கே ஒரு சிறிய மாடி வீடு. தையல் வேலை செய்யும் ஓர் அம்மாவும் அவர் மகனும் மருமகளும் பேரப் பிள்ளையும் அதில் இருக்கிறார்கள். 2013-இல் மொட்டைமாடியில் 4 தகடுகள் வைத்தார்கள். மின்வெட்டிலும் தையல் இயந்திரம் ஓடியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

2025 மழைக்காலத்தில் அறையின் கூரையில் ஓதம் தெரிந்தது. முதலில் ஒரு கை அகலம். பிறகு ஒரு முறம் அகலம். ஒருநாள் காலையில் காரை பெயர்ந்து விழுந்தது. பேரன் படுக்கும் பாய்மேல் விழுந்தது. அப்போது பேரன் வாசலில் இருந்தான்.

மகன் கோபமாக எழுந்தான். “இப்போதே மேலே ஏறித் தகட்டைப் பிடுங்கி எறிகிறேன்” என்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா அவனைத் தடுத்தார். மேஸ்திரிக்கு ஆள் அனுப்பினார்.

மேஸ்திரி கண்டது

மேஸ்திரி கூரையைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். நல்ல இடத்தில் ‘டங்’ என்று கேட்டது. கெட்ட இடத்தில் ‘பொத்’ என்று கேட்டது. பிறகு மாடிக்கு ஏறிப் பார்த்தார்.

“அக்கா, தகட்டுக்கு 4 கால். காலுக்கு 4 போல்ட். தளத்தில் எத்தனை துளை?”

“பதினாறு.”

“அந்தப் பதினாறிலும் தண்ணீர் இறங்குகிறது. தளத்தின் கனமே 4 அங்குலம்தான்” என்றார் மேஸ்திரி.

போல்ட்டைச் சுற்றிப் பசை பூசியிருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் அது வெடித்துவிட்டது. கால்களின் ஓரத்தில் குப்பை சேர்ந்தது. வாட்டம் தடைபட்டது. மழைநீர் வடியாமல் அங்கேயே நின்றது. துளை வழியாக உள்ளே இறங்கியது.

தளத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். கொண்டைக்கடலை ஊறினால் பருப்பது போலத்தான். உள்ளே இடம் இல்லாததால் அது காரையைத் தள்ளும். முதலில் விரிசல் விழும். பிறகு காரை பெயர்ந்து விழும்.

“பூச்சுப் பூசிவிட்டால் போதாதா மேஸ்திரி?” என்று மகன் கேட்டான்.

“கீழே பூசினால் கறை மறையும். துரு மறையாது தம்பி” என்றார் மேஸ்திரி.

ஆபத்து எங்கே?

வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் தகட்டில் மின்சாரம் நிற்காது. வெளிச்சம் இருக்கும் வரை அது மின்சாரம் தரும். தகடுகளை வரிசையாக இணைத்தால் 100 வோல்ட்டுக்கு மேலும் போகலாம். பேட்டரியிலும் மின்சாரம் இருக்கும். பழைய வயரின் மேல்தோல் வெடித்திருக்கலாம். ஈரத் தளத்தில் நின்று அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இதைக் கேட்டதும் மகன் தலைகுனிந்தான்.

ஆகவே, ஒழுகும்போது உடனே செய்ய வேண்டியவை:

• அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.
• அந்த அறையின் விளக்கு, மின்விசிறி இணைப்பை நிறுத்த வேண்டும்.
• தகட்டையோ வயரையோ நாமே கழற்றக் கூடாது. தகட்டின் மேல் மிதிக்கவும் கூடாது.
• சோலார் வேலை தெரிந்த மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

1. முதலில் சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள்.
2. மழை விட்டுத் தளம் காய்ந்த பிறகு, மின்பணியாளர் இணைப்பைத் துண்டித்துத் தகடுகளைக் கழற்றுவார். ஒரு தகடு ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும்.
3. கீழே முட்டுக் கொடுத்த பிறகே காரையைக் கொத்த வேண்டும்.
4. தளர்ந்த காரையை முழுவதும் எடுக்க வேண்டும். கம்பியின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கம்பி மிகவும் மெலிந்திருந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள்.
5. கம்பிக்குத் துருத் தடுப்பு பூச வேண்டும். பிறகு சுருங்காத கலவையால் துளைகளையும் பள்ளத்தையும் அடைக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று கலவை மூட்டையில் எழுதியிருக்கும். அதைப் படித்துக் கலக்குங்கள்.
6. மாடியில் வாட்டம் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும்.
7. காய்ந்த பிறகு ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒருநாள் கீழே கவனியுங்கள். தளம் பலவீனமாக இருந்தால் இதைச் செய்யக் கூடாது.

மறுபடியும் தகடு வைக்கும்போது தளத்தைத் துளைக்க வேண்டாம். தளத்தின்மேல் சிமென்ட் கட்டைகள் அமைத்து, அவற்றில் கால்களைப் பொருத்தலாம். காற்றுக்குத் தகடு பறக்காத அளவு கட்டைக்குக் கனம் வேண்டும். தளம் அந்தக் கனத்தைத் தாங்கவும் வேண்டும். பொறியாளர் கணக்குப் பார்த்துச் சொல்வார்.

உடைந்த தகட்டைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சூரியத் தகடும் சேர்க்கப்பட்டுள்ளது. அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

பெட்டியில் இருந்த தாள்

அம்மா பழைய பெட்டியைத் திறந்தார். 2013-இல் வாங்கிய தாளை எடுத்தார். அன்று அவருக்குப் படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

‘தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம். பொருத்தும் வேலைக்கு 1 ஆண்டு.’ தளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பொருத்திய கடையும் இப்போது இல்லை. பழுதுச் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. தையல் சீட்டுப் பணத்தை எடுத்தார்கள்.

“இனிமேல் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் அம்மா.

புதிதாகத் தகடு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2024-இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கியது. அதில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாயும் மானியம் என்று அறிவித்தார்கள். மானியம் கிடைக்கிறது என்று அவசரப்படாதீர்கள். தளத்தை முதலில் சோதியுங்கள். ‘பொருத்தியதால் தளம் ஒழுகினால் நாங்களே சரிசெய்வோம்’ என்று எழுதி வாங்குங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பொருத்தியவர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். குறை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

விடை கூறுங்கள்

1. மெயின் சுவிட்சை அணைத்தாலும் தகட்டைத் தொடக் கூடாது. ஏன்?
2. கம்பி துருப்பிடித்தால் காரை ஏன் விழுகிறது?
3. 6 கால்கள், காலுக்கு 4 போல்ட். மொத்தம் எத்தனை துளைகள்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக் கூரையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஓதம், விரிசல், துருக் கறை உள்ளதா? கண்டதையும் அன்றைய தேதியையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பின் மறுபடியும் பார்த்து எழுதுங்கள்.