திருச்செந்தூர் ரயிலை ஆறடி மேஜையில் ஓட்டுவோம்

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டி விளையாடும் வாசகர்களுக்கு, ஒரு கட்டத்தில் அந்த ரயிலைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001ல் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டரில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் மலைப்பாதையையும் ஜப்பானின் ஹிசாட்சு பாதையையும் பள்ளிக்கூட நாட்களிலேயே ஓட்டிப் பழகியவன் நான். சொந்த ஊரான திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பாதையை மாடலாகச் செய்யத் தொடங்கினேன். அதை டிசைன் செய்த விதத்தையும், நான் கோட்டைவிட்ட இடத்தையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதல் வேலை சிமுலேட்டரில்தான். மைக்ரோசாப்ட் கேமின் ரூட் பைல்களை ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச சாப்ட்வேர் இன்றைய விண்டோஸிலும் ஓட்டுகிறது. சொந்தமாக ரூட் அமைக்க டிஎஸ்ஆர்இ5 என்ற எடிட்டர் இருக்கிறது. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் உள்ள தண்டவாளக் கோட்டைப் பின்னணியாக வைத்து, 2000ம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயர விவரங்களை ஏற்றினால் நிலம் தானாக எழும்பிவிடும். அதன் மேல் டிராக் போட்டு, கொஞ்சம் வீடுகளும் மரங்களும் நட்டு, ஓட்டிப் பாருங்கள். கீபோர்டில் 4ஐ அழுத்தினால் பாதையோரக் கேமரா வரும். ரயில் நம்மைக் கடந்து போவதை மேஜைக்கு முன் நிற்பவர் பார்ப்பது போலவே இது காட்டும். எந்த இடம் அழகாக இருக்கிறதோ அங்கே பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து வையுங்கள்.

அடுத்து கணக்கு. இந்தப் பாதை ஏறக்குறைய 61 கிலோமீட்டர். 1:87 அளவுள்ள எச்ஓ ஸ்கேலில் இது 700 மீட்டர். 1:160 அளவுள்ள என் ஸ்கேலில் 381 மீட்டர். என் வாடகை வீட்டில் கிடைத்த இடமோ ஒரு ஆறுக்கு மூன்று அடி பிளைவுட் ஷீட். எனவே முழுப் பாதையைச் சுருக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, நான்கு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். தாமிரபரணிப் பாலம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல்லும் வாழையும், ஆறுமுகநேரி உப்பளம், கோபுரம் தெரியும் திருச்செந்தூர். பாளையங்கோட்டை குலவணிகர்புரம் கேட்டை விட மனமில்லை. ஆனால் அங்கே நிற்கும் வண்டிகளுக்கே தனி மேஜை வேண்டும்!

ஸ்கேலைத் தேர்வு செய்யும்போது பெட்டியின் நீளத்தைப் பாருங்கள். பழைய ஐசிஎப் பெட்டி சுமார் 22.3 மீட்டர். எச்ஓவில் இது 25.6 செ.மீ., என் ஸ்கேலில் 14 செ.மீ. மேஜை நீளம் 183 செ.மீ. இரு முனைகளிலும் 28 செ.மீ. ஆரமுள்ள வளைவு, ஓரத்தில் 5 செ.மீ. இடைவெளி போக நேர்ப்பாதைக்கு 117 செ.மீ. மிஞ்சும். ஸ்டேஷனில் இரண்டு ரயில்கள் ஒதுங்க லூப் வேண்டுமானால் இரு பாயிண்ட்டுகளுக்கு 24 செ.மீ. போய்விடும். மீதியில் இன்ஜினும் நான்கு பெட்டிகளும் (67 செ.மீ.) தாராளமாக நிற்கும். ஆறாவது பெட்டியைச் சேர்த்தால் அது பாயிண்ட்டை இடிக்கும். என் ஸ்கேலின் 9 மி.மீ. டிராக், உலகின் ஸ்டாண்டர்டு கேஜுக்கு உரியது. நமது 1676 மி.மீ. அகலப் பாதைக்கு 10.5 மி.மீ. வேண்டும். இந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. பழைய மீட்டர் கேஜ் காலத்தை விரும்புகிறவர்கள் அதே 9 மி.மீ. டிராக்கில் 1:111 அளவில் பெட்டிகளைச் செய்தால் அளவு மிகச் சரியாக வரும்.

பிளான் வரைய எக்ஸ்டிராக்கேட் என்ற இலவச சாப்ட்வேர் போதும். பைல் மெனுவில் பாராமீட்டர் பைல்ஸ் சென்று, நீங்கள் வாங்கப் போகும் கம்பெனியின் டிராக் லைப்ரரியைத் தேர்வு செய்யவும். லே-அவுட் விண்டோவில் மேஜையின் அளவையும் ஸ்கேலையும் குறைந்தபட்ச ஆரத்தையும் கொடுக்கவும். நான் ஒரு நீள்வட்டம் போட்டு நடுவில் ஒரு மறைப்புப் பலகை வைத்தேன். முன்பக்கம் பாலமும் ஸ்ரீவைகுண்டமும், பின்பக்கம் உப்பளமும் திருச்செந்தூரும். பிளானை உண்மை அளவிலேயே பிரிண்ட் எடுக்கலாம். முப்பதுக்கும் மேற்பட்ட ஏ4 தாள்களை பிளைவுட் மேல் ஒட்டி, அதன் மேல் டிராக் பதித்தேன். ரயிலும் ஓடியது.

ஸ்ரீவைகுண்டம் ஊர் ஆற்றின் வடகரையில் இருந்தாலும் ஸ்டேஷன் தென்கரையில், புதுக்குடியில் இருக்கிறது. அந்தப் பக்கத்து விவசாயியான என் தாய்மாமா வீட்டுக்கு வந்திருந்தார். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பு, "ஏலே, ரயிலு நல்லாத்தான் ஓடுது. தண்ணி எங்கிட்டுப் போவும்?" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. செய்துங்கநல்லூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிக்கியவர்களுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். மாமாவும் அதில் ஒருவர். அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதுதான் இது.

என் மேஜையில் தண்ணீருக்கு வழியே இல்லை. ஆறு ஒன்று, அவ்வளவுதான். ஏன் விட்டுப்போனது என்று சிமுலேட்டரைத் திறந்து பார்த்தேன். அது நிலத்தை 2048 மீட்டர் சதுர டைல்களாகப் பிரித்து, 8 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி வைக்கிறது. எஸ்ஆர்டிஎம் விவரமோ சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. மூன்று மீட்டர் வாய்க்கால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். இரண்டு மீட்டர் மண்கரையும் அப்படியே. திருநெல்வேலியிலிருந்து கடற்கரை வரை மொத்த இறக்கமே ஐம்பது மீட்டருக்குள்தான். இப்படிப்பட்ட தட்டை நிலத்தில் குறுக்கே போட்ட கரை எத்தனை தாழ்வாக இருந்தாலும் அது ஓர் அணை. சிமுலேட்டரை நம்பி வரைந்த நான் அந்தக் கரையையே வரையவில்லை.

மறு வாரம் மாமாவின் பைக்கில் பாதையை ஒட்டிய சாலைகளில் சுற்றினோம். பாசன வாய்க்கால், வயல் வடிகால், குளம் நிரம்பினால் வழியும் மறுகால் ஓடை என்று ஒவ்வொன்றையும் அவர் காட்ட, செல்போன் மேப்பில் புள்ளி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து முன்பக்க டிராக்கைப் பெயர்த்தேன். மூன்று நாள் வேலை வீண். நீங்கள் முதலிலேயே இப்படிச் செய்யுங்கள். பிளைவுட் மேல் நேரடியாக டிராக் பதிக்காமல் 25 மி.மீ. தெர்மாகோல் ஒட்டுங்கள். அதில் 10 மி.மீ. ஆழத்துக்கு வாய்க்கால்களை வெட்டுங்கள். அதன் மேல் 12 மி.மீ. தெர்மாகோல் பட்டையைக் கரையாக ஒட்டினால் அது என் ஸ்கேலில் இரண்டு மீட்டர் கரை. வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் 19 மி.மீ. திறப்பு விட்டு, ஐஸ் குச்சியால் சிறுபாலம் வையுங்கள். ஸ்பிரே பெயின்ட் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெவிகாலும் தண்ணீரில் கரையும் பெயின்டும் மட்டுமே உபயோகிக்கவும்.

சோதித்துப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. டிராக் பதிப்பதற்கு முன் வாய்க்காலில் ஒரு கோலிக்குண்டை உருட்டுங்கள். ஒரு பக்கம் போட்டது கரைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வர வேண்டும். என் மேஜையில் இரண்டு இடத்தில் முட்டி நின்றது. மறுபடி வெட்டினேன்.

மாமா தன் வயல் வடிகால் எங்கே சேர்கிறது என்று அடுத்த முறை வரும்போது வரைந்து காட்டுகிறேன் என்றிருக்கிறார். அதற்காக வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அரை அடி மட்டும் கரை ஒட்டாமல் கிடக்கிறது.