ஸ்பிரே பசையும் அட்டை வேலையும்: மளிகைக் கடையில் எது ஆகும், எது ஆகாது

சோப்பும் பிஸ்கட்டும் வந்திறங்கிய காலி அட்டைப்பெட்டிகளை எடைக்குப் போடுவது ஒரு வழி. அவற்றையே வெட்டி ஒட்டி விலைப்பலகையாகவும், கல்லா மேல் மிட்டாய் பாக்கெட் வைக்கும் தட்டாகவும் ஆக்கிக்கொள்வது இன்னொரு வழி. தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது நம்மில் பலர் இரண்டாவது வழிக்கு வருகிறோம். இதற்கென ஸ்பிரே பசை டப்பா வாங்கி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அமுக்கினால் பசை, ஐந்து நிமிடத்தில் பலகை தயார். வேலை சுளுவானதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கடையில் மாவும் தேயிலையும் திறந்திருக்கின்றன, சாமி படத்தின் முன் விளக்கும் எரிகிறது என்பதை முன்வைத்தே இந்தப் பசையைப் பார்க்க வேண்டும்.

அந்த டப்பாவுக்குள் இருப்பது ரப்பர் வகைப் பசை. அதைக் கரைத்து வைத்திருப்பது எளிதில் ஆவியாகும் கரைப்பான். வெளியே தள்ளுவது, பெரும்பாலான டப்பாக்களில், வீட்டு அடுப்புக்கு வரும் அதே வகை எரிவாயு. கரைப்பான் ஆவியாகிப் போனபின் மிஞ்சும் பிசுபிசுப்புதான் ஒட்டுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முதலில் அட்டையைத் துடைக்க வேண்டும். மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் படிந்த அட்டையில் பசை தூசியைத்தான் பிடிக்கும். எண்ணெய் ஊறிய அட்டை எதற்கும் ஆகாது, ஒதுக்கிவிடலாம். டப்பாவை நன்றாகக் குலுக்கி, அட்டைக்கு 6 முதல் 8 அங்குலம் தள்ளிப் பிடித்து, இடைவிடாமல் கையை நகர்த்தி மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். உறுதி வேண்டுமானால் ஒட்டப்போகும் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். பழுப்பு அட்டை பசையை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு இரண்டாம் பூச்சு தேவைப்படலாம். பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். அடித்த கையோடு ஒட்டிவிடக் கூடாது. விரல் முட்டியால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் பசை முட்டியோடு வரக் கூடாது. அந்தப் பதத்தில் ஒரு ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே போனால் காற்றுக் குமிழி நிற்காது. இரு பக்கமும் பூசியிருந்தால், வைத்தபின் நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வைப்பது நல்லது.

நெளி அட்டையின் உள்ளே ஓடும் வரிகளின் திசையையும் கவனிக்க வேண்டும். பலகைக்காக இரண்டு அட்டைகளை ஒட்டும்போது ஒன்றின் வரி நெடுக்காகவும் மற்றதன் வரி குறுக்காகவும் இருந்தால் பலகை வளையாது. பாரம் தாங்கும் தட்டின் கால்களுக்கோ வரி மேலும் கீழுமாக நிற்க வேண்டும். சரக்குப் பெட்டிகளும் அப்படித்தான் செய்யப்படுகின்றன. பெட்டியைப் படுக்கப் போட்டு மேலே மேலே அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்குவது இதனால்தான்.

பாரம் தாங்கும் எதற்கும் ஸ்பிரே பசையை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். ரப்பர் பூச்சு காய்ந்தபின்னும் மெதுவானதே. தொடர்ந்து இழுபட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். தகரக் கூரையும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் இன்னும் இளகும். தட்டு, சிறு ரேக் போன்றவற்றுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே மேல். அதை மெல்லிதாகத் தடவி, மேலே ஒரு அரிசி மூட்டையை ஏற்றி இரவு முழுதும் விட்டால் அட்டை கோணாமல் ஒட்டும். விலையும் குறைவு. ஆனால் இரண்டு பக்கமும் பளபளப்பாக இருந்தால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற இடமின்றி, நாள் கணக்கில் காயாது. பளபளப்பான விளம்பரப் படத்தைப் பெரிய அட்டையில் சுருக்கமின்றி ஒட்டுவதற்கு ஸ்பிரேதான் ஏற்றது.

பழைய மைதாப் பசையை ஒதுக்கச் சொல்லவில்லை. நெளி அட்டையைத் தொழிற்சாலைகளில் ஒட்டுவதும் மாவுச்சத்துப் பசையால்தான். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வைத்த பெட்டி அடுக்கடுக்காகப் பிரிவதற்குக் காரணம் அதுவே. ஆனால் மைதாப் பசை காய்ந்த இடத்தைக் கரப்பான் தேடி வரும். கரப்பானுக்குப் பயந்து அதில் மயில்துத்தம் கலப்பவர்கள் உண்டு. மயில்துத்தம் நஞ்சு. உணவுப் பொருள் விற்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

இனி நெருப்பு விஷயம். அலங்கார வேலையை நாம் எப்போது செய்கிறோம்? இரவு வியாபாரம் முடிந்து, ஷட்டரைப் பாதி இறக்கியபின். அதே நேரத்தில்தான் கடைக்குக் கற்பூரம் சுற்றுகிறோம். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து போகும். மூலையில் எரியும் விளக்கோ, ஊதுபத்தியோ, குளிர்பெட்டியின் மோட்டார் பொறியோ போதும். சுற்றிலும் இருப்பது அட்டையும் எண்ணெயும். ஆகவே ஸ்பிரே அடிக்கும் வேலை கடைக்கு வெளியே, பகலில், காற்றோட்டமான இடத்தில் மட்டும் நடக்கட்டும். மூடிய அறையில் அடித்தால் அடிக்கிற ஆளுக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். கடைப் பையனிடம் டப்பாவைக் கொடுத்துக் கிடங்குக்குள் அனுப்புவது கூடவே கூடாது.

வாடையும் சாதாரண விஷயமல்ல. தேயிலை, காப்பித் தூள், கோதுமை மாவு எல்லாம் பக்கத்திலிருக்கும் வாடையை இழுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் ஒரு கிலோ தேயிலையின் விலை, ஒட்டிய பலகையில் மிச்சப்படுத்தியதைவிட அதிகம். ஒட்டிய அட்டையை ஒரு முழு நாள் வெளியே காற்றாட வைத்து, முகர்ந்து பார்த்தபின்னரே உள்ளே கொண்டுவர வேண்டும். பேரீச்சை, முறுக்கு, வெல்லம் என்று பொட்டலமில்லாத சரக்கை நேராகக் கொட்டும் பெட்டியின் உட்புறத்தில் இந்தப் பசை படவே கூடாது.

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை ஒருமுறை அமுக்கினால் மூக்கு அடைக்காது. டப்பா மறுமுறைக்கும் உதவும். 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னே வெயில் படும் இடமும், நிறுத்திய வண்டியின் பெட்டியும் அதற்கு ஆகாது. தீர்ந்துபோன டப்பாவிலும் வாயு மிச்சம் இருக்கும். அதை ஆணியால் குத்தக் கூடாது. காலையில் கடை வாசலைப் பெருக்கி அட்டைக் குப்பையைக் கொளுத்தும் வழக்கம் சில கடைகளில் உள்ளது. அந்தக் குவியலில் இந்த டப்பா கிடந்தால் வெடிக்கும். தனியே எடுத்துவைத்து, என்ன பொருள் என்று சொல்லித் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்கவும்.