தட்டினால் எழுத்து

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. பல வீடுகளில் விடியும் முன்பே இட்லி வேகும். ஆண்கள் அதைப் பாத்திரத்தில் வைத்து, சைக்கிளில் எடுத்துச் சென்று விற்பார்கள்.

அப்படிப்பட்ட வீடுகளில் நடப்பது போல ஒரு கதை சொல்கிறோம். படியுங்கள்.

14 பெண்கள் சேர்ந்து ஒரு சேமிப்புக் குழு நடத்தினார்கள். மராத்தியில் இதைப் ‘பச்சத் கட்’ என்பார்கள். ஒவ்வொருவரும் மாதம் 200 ரூபாய் கட்டினார்கள். மாதச் சேமிப்பு 2,800 ரூபாய். அது வங்கிக்குப் போகும்.

குழுவுக்கு ஒரு செயலாளர் இருந்தார். எல்லோரும் அவரை ‘அக்கா’ என்றே கூப்பிடுவார்கள். அக்கா சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. பெரியவர் ஆன பிறகுதான் எழுத்தைக் கற்றார். குழுவின் கணக்கை அவரே ஒரு நோட்டில் எழுதி வந்தார்.

நனைந்த நோட்டு

ஒரு மழைக்காலம். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கணக்கு நோட்டு நனைந்தது. மை கரைந்தது. சில பக்கங்களைப் படிக்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் சண்டை வந்தது.

குழுவில் ஒருவர் கடன் வாங்கியிருந்தார். வட்டியும் சேர்த்து அவர் 6,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும். மாதம் 500 ரூபாய் தவணை.

“நான் ஐந்து தவணை கட்டிவிட்டேன்” என்றார் அவர்.

“இல்லை, நாலுதான்” என்றார் பொருளாளர்.

நோட்டில் அந்தப் பக்கமே இல்லை. கடன் வாங்கியவர் அழுதுவிட்டார். “நான் என்ன பொய்யா சொல்கிறேன்?” என்றார்.

அக்கா யோசித்தார். வங்கிப் பாஸ் புத்தகத்தை எடுத்து வந்தார். முந்தின மாதம் வங்கியில் கட்டிய தொகை 3,300 ரூபாய். சேமிப்பு 2,800. மீதி 500. அது எங்கிருந்து வந்தது? ஐந்தாம் தவணைதான் அது. ஐந்து தவணைக்கு 2,500 ரூபாய். பாக்கி 3,500 ரூபாய்.

கணக்கு தீர்ந்தது. ஆனால் எல்லோர் மனத்திலும் ஒரு கேள்வி இருந்தது. பாஸ் புத்தகமும் நனைந்திருந்தால்?

அன்று ஒரு முடிவு எடுத்தார்கள். கணக்கை நோட்டிலும் எழுத வேண்டும். செல்போனிலும் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை அதை 14 பேருக்கும் அனுப்ப வேண்டும். ஒருவர் நோட்டு நனைந்தாலும் 14 பேரிடம் கணக்கு இருக்கும்.

ஒரு சைபர் கூடியது

அக்கா செல்போனில் எழுத உட்கார்ந்தார். திரையில் எழுத்துகள் சின்னதாக இருந்தன. ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. மாவு ஆட்டிய கை. ஈரம் காயவில்லை. செல்போன் திரை விரலில் உள்ள மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. ஈரம் பட்டால் அது குழம்பும்.

ஒருவழியாக எழுதி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கடன் வாங்கியவர் ஓடி வந்தார்.

“அக்கா, எனக்கு 35,000 ரூபாய் பாக்கி என்று வந்திருக்கிறதே!”

3,500 என்பதற்குப் பின்னால் ஒரு சைபர் கூடிவிட்டது.

அன்று மாலை அக்காவின் தங்கை மகள் வந்தாள். அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

“பெரியம்மா, எழுத வேண்டாம். வாயால் சொல்லுங்க. போனே எழுதிக்கொள்ளும்.”

“வேண்டாம் கண்ணு. இந்த ஒரே அறையில் ஆறு பேர் இருக்கிறோம். வெளியே சந்து. யார் எவ்வளவு கடன் என்று நான் சத்தமாகச் சொன்னால் ஊரே கேட்கும். அது ஒருவருடைய மானம் இல்லையா?”

“அப்போ நான் எழுதித் தரட்டுமா?”

“நீ எத்தனை நாள் வருவாய்? நான் எழுதக் கற்றது எதற்கு?”

அவள் சிரித்தாள். பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தாள். நீளமாக, மெல்லிசாக இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவுதான்.

“அப்படியென்றால் இதில் தட்டுங்க” என்றாள்.

இது என்ன?

இதன் பெயர் கீபோர்டு. தமிழில் விசைப்பலகை என்பார்கள். இதில் உள்ள ஒவ்வொரு பொத்தானும் ஒரு விசை. விசையை அழுத்தினால் செல்போன் திரையில் எழுத்து விழும்.

இதற்கும் செல்போனுக்கும் நடுவில் ஒயர் இல்லை. வானொலி அலை மூலம் இது பேசுகிறது. இந்த முறைக்குப் புளூடூத் என்று பெயர். சுமார் 10 மீட்டர் தூரம் வரை வேலை செய்யும். இதற்கு சிம் கார்டு வேண்டாம். இன்டர்நெட் வேண்டாம். கணக்கை மற்றவர்க்கு அனுப்பும்போதுதான் இன்டர்நெட் தேவை.

புளூடூத் என்றால் ‘நீலப் பல்’ என்று பொருள். டென்மார்க் நாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஓர் அரசரின் பட்டப்பெயர் அது. அவர் பிரிந்திருந்த மக்களை ஒன்று சேர்த்தவர். தனித்தனிக் கருவிகளை ஒன்று சேர்ப்பதால் இந்த முறைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இதில் என்ன வசதி? விசைகள் பெரியவை. அழுத்தினால் கைக்குத் தெரியும். விரல் தடித்திருந்தாலும் பரவாயில்லை. திரையின் பாதி இடத்தை எழுத்துகள் அடைக்காது. எழுதியது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எழுதியதைப் படித்துப் பார்த்தால் தப்பு பிடிபடும்.

எப்படி இணைப்பது?

1. கீபோர்டுக்குச் சார்ஜ் போடுங்கள். சிலவற்றில் பேட்டரி போட வேண்டும். பிறகு சுவிட்சைத் தள்ளுங்கள்.

2. கீபோர்டில் புளூடூத் அடையாளம் உள்ள விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். சிலவற்றில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு எரியும்.

3. செல்போனில் பல்சக்கரப் படத்தைத் தொடுங்கள். அதுதான் ‘அமைப்புகள்’. அதில் புளூடூத்தைத் திறந்து ‘ஆன்’ செய்யுங்கள்.

4. புதிய கருவியைச் சேர்க்கும் இடத்தைத் தொடுங்கள். திரையில் கீபோர்டின் பெயர் வரும். அதைத் தொடுங்கள்.

5. சில நேரம் திரையில் ஓர் எண் வரும். அதே எண்ணைக் கீபோர்டில் தட்டுங்கள். பிறகு ‘என்டர்’ விசையை அழுத்துங்கள்.

இணைந்துவிட்டால் விளக்கு விட்டு விட்டு எரிவது நின்றுவிடும். இதை ஒரு முறை செய்தால் போதும். அடுத்த முறை சுவிட்சைப் போட்டதும் பெரும்பாலும் தானே இணையும். செல்போனை ஒரு டப்பா மேல் சாய்த்து வையுங்கள். கீபோர்டை மடியிலோ பலகையிலோ வைத்துத் தட்டுங்கள்.

தமிழ் எங்கே?

அக்கா கீபோர்டைப் பார்த்தார். முகம் வாடியது.

“இதில் எல்லாம் ஆங்கில எழுத்து. எனக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்?”

“தமிழ் மட்டும் தெரிந்தால் போதும் பெரியம்மா. உயிர் எழுத்து எத்தனை?”

“12.”

“மெய் எழுத்து?”

“18.”

“உயிர்மெய்?”

“216. ஆய்தம் ஒன்று. மொத்தம் 247.”

“247 விசை வேண்டாம். உயிருக்கு 12 விசை. மெய் வரிசைக்கு 18 விசை. புள்ளிக்கு ஒன்று. மற்றதெல்லாம் தானே சேரும்.”

இந்த முறைக்குத் ‘தமிழ் 99’ என்று பெயர். 1999ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இதை ஏற்றுக்கொண்டது. உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம். மெய் வரிசையில் பெரும்பாலானவை வலது கைப் பக்கம். புள்ளி விசை இடது பக்கம்.

நீங்கள் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? க் என்ற மெய்யோடு ஆ சேர்ந்தால் கா. கீபோர்டிலும் அதே கதைதான். ‘க’ விசையைத் தட்டி, பிறகு ‘ஆ’ விசையைத் தட்டினால் ‘கா’ வரும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரே மெய் விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். இதோ பாருங்கள்:

அம்மா: அ, ம, ம, ஆ
வட்டி: வ, ட, ட, இ
பாக்கி: ப, ஆ, க, க, இ
பத்து: ப, த, த, உ
பணம்: ப, ண, ம, புள்ளி
கடன்: க, ட, ன, புள்ளி

கீபோர்டில் ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் என்ன செய்வது? தமிழ் எழுத்தைச் சின்னத் தாள் துண்டுகளில் எழுதுங்கள். விசைகளின் மேல் ஒட்டுங்கள். மேலே கண்ணாடி டேப் ஒட்டினால் அழியாது. அக்காவும் அவர் தங்கை மகளும் அப்படித்தான் செய்தார்கள். ‘ஏ’ என்ற ஆங்கில விசையில் அ. ‘கியூ’ விசையில் ஆ. ‘எச்’ விசையில் க. ‘கே’ விசையில் ம. ‘எஃப்’ விசையில் புள்ளி. இப்படி ஒவ்வொன்றாக ஒட்டினார்கள்.

எண்கள் மேல் வரிசையில் இருக்கும். அடியில் உள்ள நீள விசை சொற்களுக்கு நடுவே இடம் விடும். ‘என்டர்’ அடுத்த வரிக்குப் போகும். ‘பேக் ஸ்பேஸ்’ தப்பை அழிக்கும். இந்த மூன்றையும் முதலில் பழகுங்கள்.

வாங்கும் முன்

காசு கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். உங்கள் செல்போனுடன் இணைக்கச் சொல்லுங்கள். ‘தமிழ் 99’ முறையை வைக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுதும் எல்லாச் செயலிகளும் வெளிக் கீபோர்டுடன் வேலை செய்யாது. நீங்களே ‘அம்மா’ என்று தட்டுங்கள். திரையில் ‘அம்மா’ வந்தால் வாங்குங்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எப்படி மாறுவது என்றும் கேளுங்கள். அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. குழுவுக்கு ஒன்று போதும். சில கீபோர்டுகள் மூன்று செல்போன்கள் வரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

கவனம் தேவை

• தெரியாத கருவி ‘இணைக்கட்டுமா’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று தொடுங்கள்.

• பிறர் கீபோர்டில் உங்கள் ரகசிய எண்ணைத் தட்டாதீர்கள். பணம் அனுப்பும்போது ரகசிய எண்ணைச் செல்போன் திரையிலேயே போடுங்கள்.

• கீபோர்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், செல்போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குங்கள்.

• தண்ணீர், மாவு, எண்ணெய் படாமல் வையுங்கள். வேலை முடிந்ததும் சுவிட்சை அணையுங்கள்.

• அனுப்பும் முன் ஒரு முறை படியுங்கள். தொகையை இரண்டு முறை படியுங்கள். இயந்திரம் நீங்கள் தட்டியதைத்தான் எழுதும். அது சரியா என்று பார்ப்பது உங்கள் வேலை.

அக்கா முதல் நாள் நான்கு வரி எழுதினார். அரை மணி நேரம் ஆனது. தினமும் பத்து நிமிடம் பழகினார். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னும் கணக்கைத் தட்டினார். ஒவ்வொரு வரியையும் உறுப்பினர்களே திரையில் படித்தார்கள். ஆறாம் தவணை கட்டியவர் தன் வரியைத் தேடினார். பாக்கி 3,000 ரூபாய் என்று இருந்தது. “சரி அக்கா, அனுப்புங்க” என்றார்.

பேசுங்கள்

1. பொருளாளருக்கும் கடன் வாங்கியவருக்கும் ஏன் சண்டை வந்தது? அது எப்படித் தீர்ந்தது?

2. வாயால் சொல்லி எழுத அக்கா ஏன் சம்மதிக்கவில்லை? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

3. உங்கள் கணக்கையோ மனுவையோ வேறு ஒருவர் எழுதியதால் சிரமம் வந்தது உண்டா?

எழுதுங்கள்

1. இந்தச் சொற்களுக்கு எந்த விசைகளைத் தட்ட வேண்டும்? பக்கம், தாத்தா, பாட்டி, சட்டம்.

2. ஆறு தவணை கட்டினால் பாக்கி 3,000 ரூபாய். எட்டுத் தவணை கட்டினால் பாக்கி எவ்வளவு?

3. உங்கள் வீட்டின் இந்த வாரச் செலவை ஐந்து வரியில் நோட்டில் எழுதுங்கள். கீபோர்டு கிடைத்தால் அதையே செல்போனில் தட்டிப் பாருங்கள்.